திரும்பி வந்தோருக்கான நூல்களும் முத்துக்குளித்துறையின் நூல்களும்

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல், 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ ஆகும். பதினாறே பக்கம் கொண்ட அச்சிறுநூலைப் பற்றிப் பேசும்போது, இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சு கண்ட மொழி தமிழ் என்ற பெருமிதம் இயல்பாகவே முன்னால் வந்து நிற்கிறது. அந்தப் பெருமிதத்தில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்நூல் யாருக்காக, எந்தத் தேவையை நிறைவேற்ற அச்சிடப்பட்டது என்ற கேள்வி அதனால் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள்; தாங்கள் சேர்ந்த மறை என்ன சொல்கிறது என்பதை அவர்கள் சேர்ந்த பிறகே கற்கத் தொடங்கினார்கள். சடங்கு முந்தியும் அறிவு பிந்தியும் வந்த இந்த நிலை அக்காலத்தில் அவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஐபீரியத் தீபகற்பத்தில் வற்புறுத்தலால் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட யூதர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், ஃபெராரா, வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களுக்குத் தப்பிச் சென்று யூத மறைக்குத் திரும்பியபோது, அவர்களும் தங்கள் மறையைப் பாடநூல் கொண்டே படிக்க வேண்டியிருந்தது. தமிழில் அச்சு நூல்களை உருவாக்கிய என்றீக் என்றீக்கஸ் அடிகளாரே அத்தகைய யூத வழிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் படிப்பது தமிழ் அச்சின் தொடக்கத்தை இன்னும் தெளிவாகக் காட்டும்.

ஸ்பெயின் அரசு 1492இல் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற்றியபோது, அவர்களுள் பெருந்தொகையினர் அண்டை நாடான போர்த்துகலில் அடைக்கலம் புகுந்தனர். அங்கே 1497இல் மன்னர் மானுவேல் அவர்களை வெளியேற்றுவதற்கு மாறாக, அனைவரையும் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறச் செய்தார். இவ்வாறு கிறிஸ்தவர்களாக்கப்பட்டவர்களும் அவர்களது வழித்தோன்றல்களும் ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று பெயரிடப்பட்டு, தலைமுறைகள் கடந்தும் அந்தப் பெயராலேயே பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் மனமொப்பிய கிறிஸ்தவர்களாக வாழ்ந்தனர். வேறு சிலர் வீட்டுக்குள் பழைய மறையைக் காக்க முயன்றனர். 1536இல் போர்த்துகலில் விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. மறைக்கொள்கையிலிருந்து விலகியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்துத் தண்டிக்கும் திருச்சபைத் தீர்ப்பாயமான அது வந்தபின், எபிரேய நூல் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்தாயிற்று. நூலும் ஆசிரியரும் தொழுகைக் கூடமும் இல்லாமல் இரண்டு மூன்று தலைமுறை கடந்த நிலையில், எஞ்சியவை சில நோன்புகளும் சனிக்கிழமையைப் பற்றிய மங்கலான நினைவும் மட்டுமே. தன் குலத்தை மறைத்து அரண்மனையில் வாழ்ந்த எஸ்தர் அரசியின் நோன்பு அவர்களிடையே தனிச்சிறப்புப் பெற்றதற்குக் காரணத்தைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை.

இத்தகையோருக்கு உதவியாக எழுந்த அச்சு முயற்சிகளுள் முதன்மையானது இத்தாலியின் ஃபெராரா நகரில் நடந்தது. லிஸ்பனில் 1543இல் துவார்த்தே பிஞேல் என்ற கிறிஸ்தவப் பெயரில் இலத்தீன் இலக்கணம் ஒன்றை வெளியிட்டிருந்தவர், ஃபெராராவில் ஆபிரகாம் உஸ்க்கே என்ற யூதப் பெயரோடு அச்சகம் நடத்தினார். அங்கிருந்து 1553இல் வெளிவந்த ஸ்பானிய விவிலியம் சற்று நெருங்கிப் பார்க்கத் தக்கது. அது எபிரேய மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுவதால், அதன் ஸ்பானிய நடை ஸ்பானியருக்கே விந்தையாகத் தோன்றும். அழகுக்காக இன்றி மூலத்தின் அமைப்பைக் கற்பிப்பதற்காகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு அது. இறைவனின் திருப்பெயர் வரும் இடங்களில் முழுச் சொல்லை அச்சிடாமல் ஒற்றை எழுத்தை மட்டும் இட்டிருப்பதால், அப்பெயரை உச்சரிக்கலாகாது என்ற யூத மரபைப் பக்கத்துக்குப் பக்கம் கண்ணே கற்றுக்கொள்கிறது. முகப்புப் படத்தில் பாய்மரம் முறிந்த கப்பல் ஒன்று கொந்தளிக்கும் கடலில் தத்தளிக்கிறது. அதே முகப்புப் பக்கத்தில், இந்நூல் விசாரணை மன்றத்தால் பார்வையிடப்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறது. படிகள் சிலவற்றில் அர்ப்பணம் ஃபெராராவின் கோமகனுக்கும், வேறு சிலவற்றில் புதுக் கிறிஸ்தவர் பலரைத் தப்புவித்த செல்வப் பெண்மணி தோஞா கிராசியா நாசிக்கும் அமைந்தது. ஒரே நூல் இருவேறு வாசகர் முன் இருவேறு முகம் காட்ட வேண்டியிருந்த காலம் அது.

விவிலியத்தைக் கையில் கொடுத்தது கல்வியின் தொடக்கம் மட்டுமே. திரும்பி வந்தவர்கள் கிறிஸ்தவப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றவர்கள். பழைய ஏற்பாட்டை இலத்தீனில் படித்தறிந்தவர்கள். யூத மறை என்றால் அந்த ஏற்பாட்டில் உள்ளதே என்று எண்ணியவர்கள். நடைமுறையிலோ யூத வாழ்வு, தல்மூது எனப்படும் பெருந்தொகுப்பிலும் அதன் வழிவந்த சட்ட நூல்களிலும் வளர்ந்து நின்றது. எதை எப்படிச் சமைப்பது, எந்த நேரத்தில் எந்தத் தொழுகை, திருமணமும் இறுதிச் சடங்கும் எவ்வாறு நடத்துவது என்பவையெல்லாம் அந்த வாய்மொழி மரபில்தான் இருந்தன. போர்த்துகலிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வட்டத்துக்கு வந்து சேர்ந்த ஊரியேல் ட கோஸ்தா, தான் மனத்தில் வரித்து வந்த மறை அங்கு நடைமுறையில் இருந்ததோடு பொருந்தவில்லை என்று கண்டு, 1624இல் அந்த மரபை மறுத்து நூலே அச்சிட்டார். இம்மானுவேல் அபோவாப் எழுதி 1629இல் வெளியான ‘நொமொலோஜியா’ வாய்மொழிச் சட்டத்தின் தகுதியை நிலைநாட்டப் புறப்பட்ட நூலாகும். கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் இடையே நிகழ்ந்த இந்த மோதல், திரும்பி வருதல் என்பது நகரத்தின் வாயிலைக் கடந்தவுடன் முடிந்துவிடும் செயலன்று என்பதைக் காட்டுகிறது.

சட்டத்தைக் கற்பிக்கும் எளிய நூல்கள் இந்தச் சூழலில்தான் பெருகின. யோசேப்பு காரோ தொகுத்த ‘ஷுல்ஹான் அரூக்’ என்ற யூதச் சட்டத் தொகுப்பு 1565இல் வெனிஸில் அச்சானது. அதைத் தழுவி மோசே அல்தாராஸ் 1609இல் அதே நகரில் ஸ்பானிய மொழியில் ஒரு கைநூலை வெளியிட்டார். மோசேயின் சட்டத்தில் உள்ளவை என மரபு எண்ணும் 613 கட்டளைகளையும் விளக்கி ஈசாக்கு அத்தியாஸ் 1627இல் ஸ்பானியத்தில் எழுதினார். அந்த 1627ஆம் ஆண்டில்தான், இளவயதினரான மெனசே பென் இசுரயேல் ஆம்ஸ்டர்டாமில் தம் எபிரேய அச்சகத்தின் முதல் நூலான தொழுகை நூலை வெளியிட்டார். மானுவேல் தியாஸ் சுவெய்ரோ என்ற கிறிஸ்தவப் பெயருடன் 1604இல் பிறந்தவர் அவர். அவர் போர்த்துகீசிய மொழியில் எழுதி 1645இல் வெளியிடத் தொடங்கிய ‘தெசோவ்ரோ தோஸ் தினிம்’, அதாவது சட்டங்களின் கருவூலம், இவ்வகை நூல்களின் முதிர்ந்த வடிவம் எனலாம். காலையில் எழுவது முதல் தொழுகை, வாழ்த்துரைகள், ஓய்வுநாள், திருவிழா, உணவு விதி என்று ஒரு யூதரின் நாளையும் ஆண்டையும் அது வரிசையாக நடத்திச் செல்கிறது. 1647இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம் பகுதி இல்லறத்தையும் வீட்டு நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. பிற யூதச் சிறுவர்கள் தாய் தந்தையரைப் பார்த்தே பழகிக்கொள்ளும் செய்கைகளை, இந்நூலின் வாசகர் நாற்பது வயதில் பக்கத்தைப் புரட்டிப் படித்துப் பழக வேண்டியிருந்தது. அவ்வகையில் இந்நூல்கள் பெற்றோரின் இடத்தை நிரப்பின.

திரும்ப முடியாமல் ஐபீரியாவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு இந்த நூல்கள் எட்டவில்லை. வரலாற்றறிஞர் யோசெஃப் ஹயீம் யெருஷால்மி எடுத்துக்காட்டியபடி, அவர்களுக்குப் பாடம் சொன்னவற்றுள் அவர்களுடைய எதிரிகளின் எழுத்தும் ஒன்று. விசாரணை மன்றம் கோயில்களில் படிக்கச் செய்த அறிவிப்புகள், யூதப் பழக்கங்கள் இவையிவை, இவற்றைச் செய்பவரைக் காட்டிக்கொடுங்கள் என்று பட்டியலிட்டன. மறந்துபோனவற்றை நினைவூட்டும் கையேடாகவும் அந்தப் பட்டியல் பயன்பட்டது. யூதர்களை மறுத்து எழுதப்பட்ட வாத நூல்களிலும் தல்மூதின் மேற்கோள்கள் கிடைத்தன. மறுப்பைத் தள்ளிவிட்டு மேற்கோளை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாசகரை அவற்றின் ஆசிரியர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வரலாறு இந்தியக் கரையை விரைவிலேயே எட்டியது. பிரான்சிஸ் சவேரியார் 1546இல் போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் மோசேயின் சட்டப்படி வாழ்வோர் பலர் இருப்பதால் விசாரணை மன்றம் தேவை என்று வேண்டினார். 1557இல் கொச்சியில் கோயில் காணிக்கைப் பெட்டியில் கிறிஸ்தவ மறையை இழித்துரைக்கும் சீட்டுகள் காணப்பட்டதை அடுத்து, அந்நகரத்துப் புதுக் கிறிஸ்தவர்கள் பலர் கைதாகி, இந்தியாவில் அப்போது தீர்ப்பாயம் இல்லாமையால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டனர். 1560இல் கோவாவிலேயே விசாரணை மன்றம் அமைந்தது. அங்கே யோவான் தெ எந்தெம் நடத்திய அச்சகத்தின் இரண்டு வெளியீடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அந்த நகரின் மனநிலை முழுவதும் விளங்கிவிடும். 1563இல் அச்சானது புதுக் கிறிஸ்தவ மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய பெருநூல். இரண்டே ஆண்டுகளில், 1565இல், யூதர்களை மறுத்து எழுதப்பட்ட பழைய வாத நூல் ஒன்று அதே அச்சகத்திலிருந்து வெளிவந்தது. கோவாவின் முதல் பேராயர் கஸ்பார் தெ லெயாவ் இன்னும் மோசேயின் சட்டத்தைப் பின்பற்றும் இசுரயேல் மக்களை விளித்து எழுதிய கடிதம் அதில் இணைக்கப்பட்டிருந்தது. ஓர்த்தா 1568இல் இறந்தார். அவர் தங்கை கத்தரீனா அடுத்த ஆண்டு தீயிலிடப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன.

கொச்சியின் அமைப்பு கோவாவினின்று வேறுபட்டது. கடற்கரைக் கோட்டைப் பகுதி போர்த்துகீசியர் கையிலும், சிறிது தொலைவே உள்ள மட்டாஞ்சேரி கொச்சி அரசர் ஆட்சியிலும் இருந்தன. கோட்டைக்குள் புதுக் கிறிஸ்தவராக வாழ்ந்த வணிகர், அரசரின் எல்லைக்குள் காலடி வைத்தால் யூதராகவே வாழ முடிந்தது. மலையாளக் கரையில் பல நூற்றாண்டுகளாக வேரூன்றிய யூதர்கள் அங்கிருந்தார்கள். ஐபீரியாவிலிருந்து வந்தவர்களையும் உள்ளிட்ட ‘பரதேசி’ யூதர்கள் 1568இல் அரண்மனையை ஒட்டியே தங்கள் தொழுகைக் கூடத்தைக் கட்டினர். 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன், கொச்சி யூதர்கள் கல்வீடுகளில் வாழும் செல்வ வணிகர்கள் என்றும், அரசருக்கு நெருங்கிய ஆலோசகர்கள் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் நல்ல ஸ்பானியம் பேசுகிறார்கள் என்றும், அவர்களது எபிரேய மறைநூலைத் தாமே கையிலெடுத்துப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். திரும்பி வந்தோருக்கு ஃபெராராவும் ஆம்ஸ்டர்டாமும் அளித்த வாய்ப்பை, அச்சகம் ஏதும் இல்லாமலே அளித்த ஊர் மட்டாஞ்சேரி.

இந்தப் பின்னணியில்தான் என்றீக்கஸின் வாழ்வைப் பார்க்க வேண்டும். போர்த்துகலின் வீலா விசோசா ஊரில் 1520இல் புதுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, யூத வழித்தோன்றல் என்ற காரணத்தாலேயே அங்கிருந்து நீக்கப்பட்டார். 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இந்தியா வந்தார். முன்பு வேறொரு சபையில் சேர்ந்து விலக்கப்பட்டிருந்தது சபை விதிப்படி தடையாக இருந்ததால் அதற்கும் தனி விலக்கு பெற வேண்டியிருந்தது. முத்துக்குளித்துறைப் பணியின் தலைவராக இருந்த அந்தோணி கிரிமினாலி 1549இல் வேதாளையில் கொல்லப்பட்ட பின் அப்பொறுப்பு இவர்மேல் விழுந்தது. பிறப்பை வைத்து இவரை மறைவாக யூத மறையைக் காத்தவராகக் கற்பனை செய்வது தவறு. அரை நூற்றாண்டு உழைப்பு முழுவதையும் கிறிஸ்தவ மறையைக் கற்பிப்பதற்கே கொடுத்தவர் அவர். ஆயினும் ஞானஸ்நானம் ஒருவரைக் கிறிஸ்தவராக ஆக்கிவிட்டதா என்ற ஐயம் தலைமுறைகளுக்குப் பின்னும் ஒரு குடும்பத்தை எப்படித் துரத்தும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். தம் பொறுப்பில் வந்த புதிய கிறிஸ்தவர்களுக்கு மறையை அவர்கள் மொழியிலேயே முழுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவர் காட்டிய விடாப்பிடியை இந்த அனுபவத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தபோது, போர்த்துகீசியம் அறிந்த தமிழர் துணையோடு முக்கியச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கைமணி ஒலித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி ஓதச் செய்தார். அந்த மொழிபெயர்ப்பில் இருந்த பிழைகளை என்றீக்கஸ் பின்னர் திருத்தினார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றையும் கையெழுத்துப் படியாக எழுதி வைத்தார். இதற்கிடையில் 1554இல் லிஸ்பனில் ‘கார்த்தில்யா’ என்ற மறைக்கல்விச் சிறுநூல் தமிழும் போர்த்துகீசியமுமாக வெளிவந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. ஃபெராரா விவிலியம் வெளியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மறைக்கு உரிய எழுத்தை இழந்த யூதருக்காக அங்கே உரோமன் எழுத்து கையாளப்பட்டது. இங்கோ, மக்களின் எழுத்தை அறியாத போர்த்துகீசியக் குருமார் பார்த்துப் படிப்பதற்கு ஏற்ற எழுத்தாக அது இருந்தது. ஃபெராரா நூல் கற்பவரின் கைக்குப் போனது. லிஸ்பன் நூலோ கற்பிப்பவரின் கையில் நின்றுவிடக்கூடியது.

கற்பவரின் கைக்கு நூல் போக வேண்டுமென்றால் தமிழ் அச்செழுத்து வேண்டும். கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் எழுத்துகள் வார்க்கப்பட்டன. யோவான் தெ ஃபரியா என்பவரின் கைவண்ணம் கொல்லத்து எழுத்தில் தெரிகிறது. ‘தம்பிரான் வணக்க’த்தின் இறுதிப் பக்கத்தில் இருவகை எழுத்துகளையும் வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள், தம் தொழிலின் வெற்றியை வாசகர் கண்டு மகிழ வேண்டுமென்று அச்சிட்டவர்கள் விரும்பியது அதில் புலப்படுகிறது. அக்கால ஓலைச்சுவடிகளைப் போலவே மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. ஓலையில் படித்துப் பழகிய கண்ணுக்குத் தாளில் அச்சான பக்கம் அந்நியமாகத் தோன்றியிருக்காது. 1579 நவம்பர் 14இல் கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ 120 பக்க நூல். மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துகீசியத்தில் குருவும் சீடரும் வினாவி விடை சொல்லும் முறையில் எழுதிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம். அடுத்த ஆண்டு பாவசங்கீர்த்தன நூல் ஒன்றும், 1586இல் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் புனிதர் வரலாறுகளைச் சொல்லும் ‘ஃபுளோஸ் சாங்த்தோரும்’ என்ற ‘அடியார் வரலாறு’ம் வந்தன. செபம், வினாவிடை, மனச்சோதனை, பின்பற்றத் தக்க வாழ்க்கைகள் என்று இவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த விதம், மெனசேயின் நூல் ஒரு யூதரின் நாளைக் கட்டியெழுப்பும் விதத்தோடு நெருங்கி நிற்கிறது. நேரடித் தொடர்பு இல்லாமலே இந்த ஒற்றுமை தோன்றியது; நம்பிக்கையைப் பழக்கத்தால் பெறாதவர்க்கு நூலால் தர வேண்டியபோது, கற்பிப்பவர் எந்த மறையினராயினும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் செல்ல நேர்ந்திருக்கிறது.

வேறுபாடும் சிறியதன்று. உஸ்க்கேயும் மெனசேயும் தங்கள் சொந்த மக்களுக்கு, தாமே விரும்பித் திரும்பி வந்தோருக்கு எழுதினார்கள். அவ்வாசகர் படித்ததோடு நில்லாமல் எதிர்வாதமும் அச்சிட்டார்கள். பரதவர்கள் பக்கத்திலிருந்து அப்படியொரு எதிர்க்குரல் அச்சில் எழவில்லை. எதைக் கற்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். ஆனால் அச்சுச் செலவுக்குப் பொருள் திரட்டிக் கொடுத்தவர்கள் பரதவர்களே என்பதை மறக்கலாகாது. முத்தெடுத்துச் சேர்த்த பணத்தைத் தாளுக்கும் ஈயத்துக்கும் செலவிட முன்வந்த சமூகத்தை, பிறர் கொடுத்ததை வாங்கிக்கொண்ட கூட்டமாக மட்டும் எழுதும் வரலாறு நேர்மையானதாகாது. தமிழ் அச்சின் முதல் புரவலர்கள் என்ற பெயர் அவர்களுக்கு உரியது; நூல் வரலாறுகளில் அது இன்னும் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படவில்லை.

1593இல் இயேசு சபையின் பொதுப் பேரவை, யூத வழித்தோன்றல்களை இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று விதித்தது. அப்போது என்றீக்கஸ் எழுபதைக் கடந்தவராக முத்துக்குளித்துறையில் உயிரோடு இருந்தார். அந்த விதி ஐம்பது ஆண்டு முன்னால் வந்திருந்தால் அவருக்கு அச்சபையில் இடமிருந்திராது. 1600இல் அவர் இறந்த பிறகு இக்கரையின் தமிழ் அச்சுப்பணி தளர்ந்தது. மலையாளக் கரையில் அம்பலக்காட்டில் 1679இல் புரோவென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சானதைத் தவிர்த்தால், தரங்கம்பாடியில் 1713இல் சீகன்பால்குவின் அச்சகம் இயங்கத் தொடங்கும் வரை குறிப்பிடத்தக்க தொடர்ச்சி இல்லை.

கொச்சியிலோ 1663இல் டச்சுக்காரர் போர்த்துகீசியரை வென்றதும் நிலைமை தலைகீழாயிற்று. முந்தைய ஆண்டு போர்த்துகீசியரால் தீக்கிரையான பரதேசி தொழுகைக் கூடம் மீண்டும் எழுந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே கப்பல் வழி திறந்தது. திரும்பி வந்தோரின் மரபில் வளர்ந்த ஐபீரிய யூத வணிகர்கள் அக்காலத்தில் சென்னைக் கோட்டையை ஒட்டியும் வைர, பவள வணிகம் செய்து குடியிருந்தனர். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினர் வரிசையில் அவர்களும் இடம்பெற்றனர். 1686இல் ஆம்ஸ்டர்டாமின் போர்த்துகீசிய யூதர்கள் அனுப்பிய குழு கொச்சிக்கு வந்து, அங்குள்ள யூதர்களின் குடும்பங்கள், தொழுகைக் கூடங்கள், வழக்கங்கள் பற்றி வினாக்கள் கேட்டு விடைகளைத் தொகுத்தது. குழுவின் தலைவர் மோசே பெரைரா த பைவா எழுதிய அறிக்கை மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் போர்த்துகீசிய மொழியில் அச்சாயிற்று. தாம் இழந்ததை நூல் வழியே மீட்டுக்கொண்ட ஒரு சமூகம், எதையும் இழக்காமல் தொலைவில் வாழ்ந்த தம்மவரிடம் வந்து நேரில் கேட்டறிந்த நிகழ்ச்சி இது. அதன் பின் எபிரேய நூல்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொச்சிக்குத் தொடர்ந்து வந்தன. 1757இல் கொச்சி யூதர்களின் வழக்கப்படி அமைந்த தொழுகைப் பாடல்களின் தொகுப்பே ஆம்ஸ்டர்டாமில் அச்சிடப்பட்டு, கொச்சிக்கு வந்து சேர்ந்தது.